போன யூரோவும் வந்த யூரோவும்

அத்தியாயம் 17

காபியை அடுப்பில் வைத்துவிட்டுக் கைபேசியை எடுத்த லோரெதானா, அது கொதித்து வழிவதைக்கூடப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணி. குடும்பத்தார் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் தம்பி இவானோ எழுதியிருந்தான்.

'நான் கொடுத்தது 4,612 டாலர் 50 சென்ட். திரும்பி வந்தது 4,329. வாடகை வீட்டின் சொந்தக்காரர் மூவாயிரம் யூரோ வாங்கினார். அதே மூவாயிரத்தை ஒரு சென்ட் குறையாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்கிறார். நடுவில் 283 டாலர் 50 சென்ட் எங்கே போனது? யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.'

அதன் கீழே அவன் மனைவி டானா ஒரு கட்டைவிரல் போட்டிருந்தாள்.

யாருக்காவது. அந்த ஒரு சொல்தான் லோரெதானாவைக் குத்தியது. பணம் போனதும் வந்ததும் அவளுடைய கிரெடிட் கார்டு வழியாக. அந்தக் குழுவில் இருக்கும் ஆறு பேருக்கும் அது தெரியும். அம்மாவும் அப்பாவும்கூட அதில் இருக்கிறார்கள்.

"என்ன தீயிற வாசனை?" என்று கேட்டபடி வந்த கணவன் கிரெய்க், அடுப்பை அணைத்தான். அவள் தோள் வழியாகக் கைபேசியைப் படித்தான்.

"இருநூத்தி எண்பத்தி மூணு டாலர்தானே? குடுத்துத் தொலை. மானத்தை வாங்குறான்."

"குடுத்தா எடுத்தது நான்னு ஆயிடும், கிரெய்க்."

அவன் துணியை எடுத்து அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தான்.

அப்பா எலியோவுக்கும் அம்மா நோரினாவுக்கும் திருமணமாகி வரும் ஜூனில் ஐம்பது வருடம். விருந்து வேண்டாம், நகை வேண்டாம், பிறந்த நாட்டில், ஊதினே நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்தை ஒருமுறை பார்த்தால் போதும் என்று பிடிவாதமாக நின்றது அம்மாதான். பிள்ளைகள் இருவரும் ஒத்துக்கொண்டு, அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வீடுகளைப் பத்து நாளைக்குப் பிடித்தார்கள். வீடு ஒன்றுக்கு மூவாயிரம் யூரோ. இரண்டுக்கும் லோரெதானாவின் கார்டில் பணம் கட்டி, தம்பி தன் பங்கை அவளுக்கு டாலரில் அனுப்பினான். அதன் பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுச் சண்டை. ஜூன் மாதம் கடையை மூட முடியாது என்று இவானோ சொல்ல, அப்பா அம்மாவுக்காகப் பத்து நாள் மூட முடியாதா என்று அவள் கேட்க, அவன் கரண்டியைத் தட்டில் எறிந்துவிட்டு எழுந்து போனான். ஒரு வீட்டை ரத்து செய்தார்கள். பணம் திரும்பியது. வந்ததை வந்தபடியே அவனுக்கு அனுப்பிவிட்டாள்.

அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள்.

அவள் பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள். பன்னிரண்டு வருடங்களாகத் தினமும் மற்றவர்களின் பணத்தை வாங்கி எண்ணிப் போடுகிறாள். ஒருநாள்கூடக் கணக்குப் பிசகியதில்லை. உட்கார முடியாமல் சமையலறையிலேயே நடந்துகொண்டு கார்டு கம்பெனியை அழைத்தாள்.

முப்பத்தைந்து நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் குரல் வந்தது.

"வணக்கம், மோங்க்டன்லேர்ந்து யிவெத் பேசுறேன்."

லோரெதானா மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு மேடம். நீங்க ஜனவரியில கட்டினப்போ யூரோ ஒண்ணு ஒன்றரை டாலர். அதுக்கு மேல ரெண்டரை சதவீதம் எங்க நாணய மாற்றுக் கட்டணம். அதனால உங்களுக்கு விழுந்தது 1.5375."

"கட்டணம்னு ஸ்டேட்மெண்ட்ல எங்கயுமே இல்லையே?"

"தனி வரியா வராது. ரேட்டுக்குள்ளயே ஊறியிருக்கும்."

"சரி. திரும்பி வந்ததுல?"

"மார்ச்ல யூரோ ரெண்டு சென்ட் இறங்கிடுச்சு. 1.48. அதை டாலரா மாத்தணும்ல? அதுலயும் ரெண்டரை சதவீதம்."

லோரெதானா நடப்பதை நிறுத்தினாள். "இருங்க. போறப்போ ஒரு தடவை, வர்றப்போ ஒரு தடவையா? தங்காத வீட்டுக்கு ரெண்டு தடவை கட்டணமா?"

"எல்லாரும் இதையேதான் கேக்குறாங்க மேடம்."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"ஒப்பந்தத்துல எட்டாம் பக்கம் பாருங்கன்னு சொல்லுவேன்." அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "எங்கம்மா போன வருஷம் போர்ச்சுகல் போயிட்டு வந்து, நானே வெச்ச ரேட்டு மாதிரி என்னைத் திட்டினாங்க."

லோரெதானாவுக்குச் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து முதல் சிரிப்பு. கையில் கிடைத்த ஒரு மருத்துவமனைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். போகும்போது கட்டணம் 112.50. வரும்போது 111. யூரோ இறங்கியதில் அறுபது. கூட்டினாள். 283.50. ஒரு சென்ட்கூடப் பிசகவில்லை. அப்பாடா என்றிருந்தது.

"மத்த யூரோ வரிகளுக்கும் இதே கணக்குத்தான் மேடம். அதையும் பார்த்துச் சொல்லவா?"

"எந்த மத்த வரி?"

"மாசாமாசம் அஞ்சாந்தேதி நூத்தி அம்பது யூரோ போகுதே. கூடுதல் கார்டுல. எலியோ தொமாசின்னு பேர் இருக்கு."

"அது எங்கப்பா. அவர் பெட்ரோல் போடத்தான் அந்தக் கார்டு."

"பெட்ரோல் இல்லை மேடம். கொரீத்சியாங்கிற ஊர்ல ஏதோ கருணை இல்லம். பதினாலு மாசமாப் போகுது." யிவெத் கொஞ்சம் தயங்கினாள். "அவருக்குத் தெரியாம யாராவது செய்றாங்கன்னா சொல்லுங்க. வயசானவங்களை ஏமாத்துறது நிறைய நடக்குது. கார்டை இப்பவே நிறுத்திடலாம்."

"வேணாம்," என்றாள் லோரெதானா. "நான் கேட்டுட்டுச் சொல்றேன்."

போனை வைத்தாள். அப்பா அந்தக் கார்டுக்கு மாதாமாதம் உறையில் பணம் போட்டுக் கொடுத்துவிடுவார். பெட்ரோல் இவ்வளவு, தோட்டத்துக்கு இவ்வளவு என்று வாயாலேயே கணக்குச் சொல்வார். அந்தக் கார்டின் மொத்தத்தோடு பார்த்தால் எப்போதும் ஐந்தாறு டாலர் குறையும். வயதாகிவிட்டது, கூட்டல் தப்புகிறது என்று அவள் பேசாமல் இருந்துவிடுவாள். கார்டு பில் அவள் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே கழிந்துவிடுவதால் வரிவரியாக அவள் பார்த்ததே இல்லை.

இப்போது எல்லா மாதங்களையும் திறந்து பார்த்தாள். நூற்றைம்பது யூரோ. மாதம் தவறவில்லை. அப்பாவின் கூட்டல் ஒருநாளும் தப்பவில்லை. அவர் செய்தித்தாளில் போட்ட ரேட்டுக்குக் கொடுத்திருக்கிறார். ரேட்டுக்குள் ஊறிய ரெண்டரை சதவீதம் அவருக்கு எப்படித் தெரியும்?

யாருக்கு அந்தப் பணம்?

சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

*

வாக்கர் ரோட்டில் இருந்த இவானோவின் டயர் கடை வாசலில் பதினோரு கார்கள் நின்றன. பனிக்கால டயரைக் கழற்றிவிட்டுக் கோடை டயர் மாட்டும் ஏப்ரல் மாதம். விண்ட்சர் நகரமே ஒரே வாரத்தில் விழித்துக்கொண்ட மாதிரி கூட்டம்.

"வரிசையில வா," என்றான் இவானோ, காரின் அடியிலிருந்து நிமிராமல்.

"டயர் மாத்த வரலை. உன் 283 டாலரோட வந்திருக்கேன்."

காத்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இவானோ எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே அவளை உள்ளறைக்கு இழுத்துப் போனான்.

"கடையில வெச்சு மானத்தை வாங்காதே அக்கா."

"நீ ஆறு பேர் முன்னாடி வாங்கினியே, அது என்ன மானம்? வாடகை மானமா?"

சீட்டை மேசையில் அறைந்து வைத்தாள். ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். அவன் முதலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பிறகு குனிந்தான். பிறகு அழுக்குப் படிந்த கால்குலேட்டரை இழுத்துத் தானே போட்டுப் பார்த்தான். மறுபடியும் போட்டான்.

"ரத்து பண்ணினதுக்கும் எடுக்குறாங்களா?"

"எடுக்குறாங்க."

"கொள்ளைக்காரப் பசங்க."

"இன்னிக்குக் காலையில கொள்ளைக்காரி நான்தானே?"

இவானோ நாற்காலியில் உட்கார்ந்தான். நாற்பத்தோரு வயது ஆகியும் தப்புச் செய்தால் காதுமடல் சிவந்துபோகும் அவனுக்கு.

"நான் உன்னைச் சந்தேகப்படலைக்கா. சத்தியமா. எனக்கு ரேட்டு கீட்டு எதுவும் தெரியாது. வியாழக்கிழமை அப்பாதான் போன் பண்ணினார்."

"அப்பாவா?"

"பேப்பர்ல ரேட்டு ஒண்ணு போட்டிருக்கு, உங்கக்கா குடுத்த கணக்கு வேற ஒண்ணா இருக்கு, கேட்டுப் பாருன்னார். எனக்கும் அப்படியே சுர்ருன்னு ஏறிடுச்சு."

லோரெதானா சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். வெளியே காற்றடிக்கும் இயந்திரம் ஓடி நின்றது.

"இன்னொண்ணு கேக்குறேன், உண்மையைச் சொல்லு. ஜூன்ல கடையை மூட முடியாதுங்கிறது உன் யோசனையா?"

அவன் யோசித்தான். "மூடலாம்னுதான் இருந்தேன். டயர் சீசன் மே மாசமே முடிஞ்சிடும். அப்பாதான், பத்து நாள் மூடினா வாடிக்கைக்காரன் வேற கடை பார்த்துப்பான்டான்னார். அவரு சொல்றது சரிதானேன்னு..." பாதியில் நிறுத்தி அவளைப் பார்த்தான். "ஏன்க்கா? அவருக்கு ஊருக்குப் போகப் பிடிக்கலையா?"

"தெரியலைடா."

நூற்றைம்பது யூரோவைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை. என்னவென்றே தெரியாத ஒன்றைத் தம்பியிடம் எப்படிச் சொல்வது?

அவன் கைபேசியை எடுத்துக் கறுத்த விரல்களால் மெதுவாகத் தட்டினான். அவள் பையில் மணி அடித்தது. குழுவில் வந்திருந்தது: 'கணக்கு சரி. பேங்க்காரன் எடுத்தது. அக்கா மேல் தப்பில்லை. நான் ஒரு கழுதை.'

"கழுதைன்னு நான் சொல்லலை," என்றாள்.

"சொல்ல வந்தியே, அதான் முந்திக்கிட்டேன். காபி போடவா?"

"நேரமில்லை."

"உன் முன் டயர் தேஞ்சு கிடக்கு, பார்த்தியா? மாத்திடுறேன், ஒரு மணி நேரம்."

"நேரமில்லைன்னு சொன்னேன்ல?" என்று அவள் கத்தியதில் அவன் திகைத்துப் போனான். பதிலுக்குக் காத்திராமல் அவள் காருக்கு ஓடினாள்.

*

அப்பா கார் ஷெட்டில் இருந்தார். அங்கே கார் நின்று இருபது வருடமாகிறது. ஒரு பக்கம் ஒயின் ஜாடிகள், ஒரு பக்கம் அம்மாவின் இரண்டாவது அடுப்பு, நடுவில் நீளமான பலகை. பலகையின் மேல் மண் நிரப்பிய பெட்டிகளில் கீரை விதையை இரண்டு விரல்களால் கிள்ளிக் கிள்ளித் தூவிக்கொண்டிருந்தார் எலியோ. எழுபத்தாறு வயது. வாகனத் தொழிற்சாலையில் முப்பது வருடம் உழைத்த தோள்கள் இன்னும் அகலமாகவே இருந்தன.

"சாப்பிட்டியா?" என்றார்.

"அம்மா எங்கே?"

"மாதா கோயில் கூடத்துல. நாளைக்கு விருந்துக்கு மாவு உருட்டப் போயிருக்கா."

"நல்லது." கதவை இழுத்துச் சாத்தினாள். "அப்பா, மாசம் நூத்தி அம்பது யூரோ யாருக்குப் போகுது?"

விதை தூவும் விரல்கள் நிற்கவில்லை. "விதை வாங்குறேன்."

"கொரீத்சியாலேர்ந்தா?"

"அங்க நல்ல விதை."

"பதினாலு மாசமா விதையாப்பா? அதை நட இந்த நகரமே போதாது."

அவர் அடுத்த பெட்டிக்கு நகர்ந்தார். லோரெதானா சாவிக்கொத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தபடி பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தாள்.

"இவானோவைப் பார்த்துட்டு வர்றேன். நீங்க அவனுக்குப் போன் பண்ணினது தெரியும். என்னைத் திருடின்னு நினைக்க வெச்சீங்க, அப்பா. என்னை!"

"திருடின்னு நான் சொல்லலை."

"ரேட்டு சரியில்லைன்னு சொன்னீங்க. அதுக்கு வேற என்ன அர்த்தம்?"

அவர் பெட்டியில் இருந்த ஒரு மண்கட்டியை நசுக்கினார்.

"சரி. எனக்கு எதுவும் சொல்ல வேணாம். யாரோ உங்களை ஏமாத்துறாங்கன்னு கார்டு கம்பெனியில சொல்றாங்க. திங்கக்கிழமை அந்தக் கார்டை நிறுத்தச் சொல்லப்போறேன்."

"நிறுத்தாதே!"

விதைப் பொட்டலம் கீழே விழுந்தது. அப்பா அப்படிக் கத்தி அவள் கேட்டதே இல்லை.

"நிறுத்தாதே லோரெதானா. இல்லத்துல அவனை மூணு பேர் இருக்கிற அறைக்கு மாத்திடுவாங்க. ஜன்னல் இல்லாத அறை அது."

"எவனை?"

எலியோ குனிந்து, சிதறிய விதைகளைப் பொறுக்கப் பார்த்தார். முடியவில்லை. ஒயின் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்.

"சில்வானோன்னு ஒருத்தன். எங்க ஊர்க்காரன். நாங்க ரெண்டு பேரும் சுவிட்சர்லாந்துல அணை கட்டுற வேலைக்குப் போயிருந்தோம். எனக்கு இருபத்தி மூணு வயசு. அன்னிக்குச் சாரம் கட்டினது நான். ஒரு முடிச்சு அவிழ்ந்துடுச்சு."

அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"கீழ விழுந்ததுல அவனுக்கு முதுகெலும்பு போச்சு. இடுப்புக்குக் கீழ ஒண்ணுமில்லை. ஆஸ்பத்திரியில என்னைக் கூப்பிட்டுச் சொன்னான், 'நீ ஊருக்குப் போ. நான் அர்ஜென்டினா போயிட்டேன்னு சொல்லிடு. கல்யாணம் வேணாம்னு ஓடிட்டான்னு சொல்லு. என்னைக் கட்டிக்கிட்டு அவ ஆயுசு பூரா எனக்குப் படுக்கை மாத்த வேணாம்.'"

"எந்த அவ? யாரு?"

அப்பா தலையை நிமிர்த்தவில்லை.

"உங்கம்மா."

ஷெட்டுக்கு வெளியே பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. லோரெதானா பலகையைப் பிடித்துக்கொண்டாள். மண் நகத்துக்குள் ஏறியது.

"நான் போய்ச் சொன்னேன். அவ மூணு நாள் சாப்பிடலை. நான் தினமும் போய் ஆறுதல் சொன்னேன். ரெண்டு வருஷம் சொன்னேன்." அவர் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். "ஆறுதல் மட்டும்தான் சொன்னேனா, எனக்கும் அவ மேல முன்னாடியே ஆசை இருந்ததான்னு கேட்டீன்னா, இன்னிக்கும் என்னால பதில் சொல்ல முடியாது."

"அவரோட வீட்டுக்காரங்க? ஊர்ல யாருக்கும் தெரியாதா?"

"அப்பா அம்மா இல்லாத பையன். கொரீத்சியாவுல சாமியாரம்மாங்க நடத்துற இல்லத்துக்கு நேரா கொண்டுபோயிட்டாங்க. முன்னாடியெல்லாம் இங்க எரி தெருவுல இருந்த பயண ஏஜென்ட் மூலமாப் பணம் அனுப்புவேன். அந்த ஏஜென்ட் கடையை மூடிட்டான். கார்டு இருந்தா நாங்களே எடுத்துக்கிறோம்னு இல்லத்துல சொன்னாங்க. எங்க பேங்க் கணக்கை உங்கம்மா பார்ப்பா. அதான் உன் கார்டு." மூச்சு வாங்கினார். "ஊர்ல இப்ப ரெண்டு மூணு பேருக்குத் தெரியும். போனா எவனாவது ஒருத்தன் வாயை விட்டுடுவான். எழுபத்தி நாலு வயசுல அவ எனக்கு முன்னாடி நின்னு, 'பொய்யா சொன்னே'ன்னு கேட்டா நான் எங்க போவேன்?"

"அதுக்காக எங்க ரெண்டு பேரையும் அடிச்சுக்க விட்டீங்களா?"

"பயணம் நின்னா போதும்னு நினைச்சேன். இவ்வளவு தூரம் போகும்னு நினைக்கலை."

கோபம் வந்தது. கட்டிக்கொள்ளவேண்டும் போலவும் வந்தது. இரண்டையும் செய்யாமல் அவள் கீழே மண்டியிட்டு விதைகளைப் பொறுக்கிப் பொட்டலத்தில் போட்டாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அம்மாகிட்ட சொல்லிடாதே. இத்தனை வருஷத்துல உன்கிட்ட நான் எதையும் கேட்டதில்லை."

பதில் சொல்வதற்குள் வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. தொடர்ந்து அம்மாவின் குரல்.

"லோரெதானா! உன் கார் நிக்குதே. வந்து இந்தத் தட்டுங்களைப் பிடி. என்னால எல்லாத்தையும் தூக்க முடியாது."

*

நோரினாவின் கறுப்புக் கோட்டில் அங்கங்கே மாவு ஒட்டியிருந்தது. காரின் பின்கதவைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். உருளைக்கிழங்கு மாவு உருண்டைகள் நான்கு தட்டு நிறையத் துணிபோட்டு மூடியிருந்தன.

"விருந்துக்குப் போக மிச்சம். ரெண்டு தட்டு நீ எடுத்துட்டுப் போ. கழுதைக்கு ஒண்ணு குடு." சிரித்தாள். குழுவில் வந்ததை அவளும் படித்திருந்தாள். பிறகு மகளின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். "என்னடி? அழுதியா?"

"இல்லம்மா. அப்பாகூடக் கார்டு கணக்குப் பார்த்துட்டிருந்தேன்."

"கார்டு கணக்கா?"

நோரினா ஷெட்டின் கதவைப் பார்த்தாள். அது சாத்தியே இருந்தது. தட்டை எடுக்கப் போன கையைத் திரும்ப இழுத்துக்கொண்டாள்.

"கொரீத்சியாவா?" என்றாள்.

லோரெதானா சட்டென்று அருகில் வந்தாள்.

"அம்மா..."

"சத்தம் போடாதே. இந்த வீட்டுல தபால் எடுக்கிறது யாரு? நான்தானே? வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு அந்த இல்லத்துலேர்ந்து அனுப்புற பணத்துக்கு அவருக்கு நன்றி அட்டை வரும். அந்தச் சமயத்துல மட்டும் அவரு எனக்கு முன்னாடி ஓடிப்போய் எடுப்பாரு. ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி அவருக்கு முட்டி ஆபரேஷன் ஆச்சே, அப்பதான் முதல் தடவை என் கையில சிக்கிச்சு. அட்டை கீழ கோணல்மாணலா ஒரு கையெழுத்து." துணியின் ஓரத்தை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள். "அந்தக் கையெழுத்துல எனக்கு ஒரு காலத்துல பதினெட்டு கடுதாசி வந்திருக்கு. மறக்குமா?"

"அப்பாகிட்ட கேக்கவே இல்லையா?"

"இல்லை. அட்டையைத் திரும்ப ஒட்டித் தபால் பெட்டியிலயே போட்டுட்டேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் அவருக்கு முன்னாடி நான் எடுத்துப் பார்த்துட்டு அப்படியே திரும்ப வெச்சுடுவேன்."

"ஏன்ம்மா?"

"கேட்டா, பயந்துபோய் அனுப்புறதை நிறுத்திடுவாரோன்னு."

அவ்வளவு சாதாரணமாக அவள் சொன்னதுதான் லோரெதானாவால் தாங்க முடியாததாக இருந்தது. ஒன்பது வருடம். ஒரே மேசையில், ஒரே ஜாடியிலிருந்து ஒயின் ஊற்றிக்கொண்டு.

"கோபமில்லையா உனக்கு?"

"இருந்துச்சு. ரெண்டு பேர் மேலயும். என்னைக் கேக்காம ரெண்டு ஆம்பளைங்க சேர்ந்து என் வாழ்க்கையை முடிவு பண்ணினாங்களே, அந்தக் கோபம் இன்னும் இருக்கு. அதுக்காக உங்கப்பாவை விட்டுட்டு எங்க போறது? நல்ல மனுஷன்டி. மாசாமாசம் அனுப்புறாரே." மூக்கை உறிஞ்சினாள். "ஆனா நான் பார்க்கணும். ஒரு தடவை. அதுக்குத்தான் கிராமம் கிராமம்னு அடம்பிடிச்சேன். மண்ணைப் பார்க்கவா போறேன்?"

லோரெதானா காரின் மேல் சாய்ந்துகொண்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா என்ன செய்துகொண்டிருக்கிறாரோ? மறுபடி விதை தூவுகிறாரோ?

"நாம பிடிச்ச வீட்டுலேர்ந்து கொரீத்சியா எவ்வளவு நேரம்னு உன் போன்ல பாரு," என்றாள் அம்மா.

பார்த்தாள். "அம்பத்தி ரெண்டு நிமிஷம்."

"ஒரு நாளைக்குக் கார் வாடகைக்குப் போடு. நீயும் நானும். ஊதினேவுல கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போறோம்னு சொல்லிக்கலாம்."

"யாரு கல்யாணத்துக்கு?"

"அதை அப்புறம் யோசிப்போம். இப்பவே போடு. வீட்டுக்குப் போனா உனக்கு மனசு மாறிடும். எனக்கு உன்னைத் தெரியும்."

விரல்கள் வேகமாக ஓடின. ஜூன் பதினான்கு. சிறிய கார். கார்டு எண் ஏற்கெனவே அதில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி வந்து நின்றது.

"என்ன கேக்குது?"

"கனடா டாலர்ல கட்டுறீங்களா, யூரோவுல கட்டுறீங்களான்னு. டாலர்னா கார்க்காரங்க ஒரு ரேட்டு போட்டு ஆறு சதவீதம் ஏத்துவாங்க. யூரோன்னா என் கார்டுக்காரன் ரெண்டரை."

"எப்படிப் போனாலும் ஒருத்தன் எடுப்பான். குறைவா எடுக்கிறவனுக்குக் குடு. ரத்து பண்ற பேச்சு மட்டும் வேணாம்."

லோரெதானா யூரோவைத் தொட்டாள். 'உறுதி செய்க' என்று பச்சைப் பொத்தான் ஒன்று வந்தது.

அப்போது கைபேசி அதிர்ந்து, மேலே இவானோவின் செய்தி வந்து விழுந்தது. 'அக்கா, அந்த இன்னொரு வீடு இன்னும் காலியா இருக்கா? டானாவும் நானும் பேசிட்டோம். கடையைப் பத்து நாள் மூடுறேன். நாங்களும் வர்றோம்.'

ஷெட்டின் கதவு திறந்தது.

எலியோ கையில் கைபேசியோடு நின்றார். மூக்குக் கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது. முகம் சாம்பல் நிறம்.

"இவானோவும் வர்றானாம்," என்றார்.

"படிச்சேன்," என்றாள் நோரினா. தட்டு ஒன்றை எடுத்து அவர் கைகளில் வைத்தாள். "ஏன் இப்படி நிக்கிறீங்க? பிள்ளைங்க சமாதானம் ஆயிடுச்சு, ஊருக்குப் போறோம். சந்தோஷமா உள்ள போய்த் தண்ணி கொதிக்க வைங்க."

எலியோ மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அம்மாவும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருவருக்கும் நடுவில் நின்ற லோரெதானா கைபேசியை உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, திரையைப் பார்க்காமலே பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.